கூம்ஹெனோக்கில் யாரும் உட்காராத நாற்காலி

காளை தெக்வின் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. வீடு நிறைய நாற்காலி, அதனால்தான் இடமில்லை. சாதாரண நாற்காலியா? ஒவ்வொன்றும் ஓக் மரத்தில் இழைத்து, முதுகில் ஊர்ப் பெயரும் ஆண்டும் செதுக்கி, இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும் சிம்மாசனம். அப்படி ஏழு. ஒன்றில் இஸ்திரி போட வேண்டிய துணி கிடக்கும், ஒன்றில் பூனை கிடக்கும், படுக்கையறையில் இருப்பதில் தெக்வினின் கால்சட்டை தொங்கும். எல்லாம் அந்தந்த ஊர் ஐஸ்டெத்வோடில், அதாவது பாட்டும் கவிதையும் போட்டியாக நடக்கும் விழாவில், கவிதைக்குப் பரிசாக வாங்கியவை.

"அடுத்த தடவை அலமாரி பரிசு குடுக்கிற ஊராப் பாத்துப் போட்டி போடு," என்பாள் அவர் மனைவி எய்ர்வென். "கோட்டு மாட்ட இடமில்ல, வந்துட்டான் கவிராயன்."

காளை என்ற பட்டம் தொழிலால் வந்தது. எங்கள் வேல்ஸ் பக்கம் ஆளுக்குத் தொழிலோ பண்ணையோ பெயரோடு ஒட்டிக்கொள்ளும், சாகும்வரை விடாது. தெக்வின் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். சின்ன வேனில் உறைகுளிரில் வைத்த குப்பிகளை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவார். தோள்வரை கையை மாட்டுக்குள் விட்டபடியே வாய்க்குள் வரி கட்டிக்கொண்டிருப்பார். மாடு நகர்ந்தால் திட்டுவார், அந்தத் திட்டிலும் எதுகை இருக்கும். எங்கள் மரபில் ஒரு வரியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வந்தாக வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் சபையில் கிழவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்தக் கட்டு தெக்வினுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி.

ஹெவினுக்கு அப்படி வரவில்லை. பென்லான் பண்ணை ஹெவினும் தெக்வினும் ஞாயிறு வேதபாட வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உதை வாங்கியவர்கள். ஹெவினும் ஆண்டு தவறாமல் எழுதி அனுப்புவார். இரண்டாமிடம் வரும், மூன்றாமிடம் வரும், நடுவரின் வாயிலிருந்து "உழைப்பு தெரிகிறது" என்று ஒரு சொல் வரும். நாற்காலி மட்டும் வந்ததில்லை. பென்லான் வீட்டில் ஒரே ஒரு நாற்காலியாவது கணப்புக்குப் பக்கத்தில் கிடக்கவேண்டும் என்பது அந்த மனிதனின் ஆசை. அதை மறைக்கவும் மாட்டார். "செத்தா என்னைப் பெட்டியில வைக்காதீங்கடா, நாற்காலியில உக்கார வச்சுக் கொண்டுபோங்க," என்று கடைவாசலில் நின்று சொல்லிச் சிரிப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பென்லான் சமையலறையில் இரண்டு பேரும் உட்காருவார்கள். வரியைச் சொல்லிப் பார்ப்பதும், மேஜையில் தட்டி எண்ணுவதும், ஒருவர் மற்றவரை மடையன் என்பதும் நடக்கும். ஹெவினின் மனைவி லினெட் அடுப்போரம் காலுறை தைத்துக்கொண்டோ, பண்ணைக் காகிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டோ இருப்பாள். கோப்பை காலியானால் தேநீர் ஊற்றுவாள், திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவி வைப்பாள். ஒருமுறை இரண்டு பேரும் ஒரு வரியில் மாட்டிக்கொண்டு முழிக்க, அவள் ஊசியில் நூல் கோத்தபடியே "'ஈரம்'னு போட்டா சரியா வருமே," என்றாள். போட்டார்கள், வந்தது. யார் சொன்னது என்று அடுத்த வாரமே இருவருக்கும் மறந்துபோனது. அத்தனை ஆண்டுகளாக அந்த மேஜையில் மூன்றாவதாக ஒரு காதும் இருந்தது என்று அந்தப் பெரிய கவிஞர்களுக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்துப் பள்ளத்தாக்கு கூம்ஹெனோக்கில் மே மாதம் ஐஸ்டெத்வோட் நடக்கும். காலையில் குழந்தைகள் பாட்டு, மத்தியானம் ஒப்புவித்தல், சாயங்காலம் நாற்காலிக் கவிதை. ஓர் ஆண்டு நடுவராக வரவேண்டிய போதகர் நெஞ்சுவலி என்று படுத்துவிட்டார். செயலாளர் தெக்வினைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தெக்வின் அதுவரை நடுவராக உட்கார்ந்ததே இல்லை. ஏழு நாற்காலி வாங்கியவனுக்கு இது பெரிய விஷயமா என்று மேலுக்குச் சொன்னாலும், உள்ளுக்குள் பூரித்துப்போய் அன்று எய்ர்வெனுக்குக் கடையிலிருந்து பூ வாங்கி வந்தார். கல்யாணமான பிறகு அதுதான் முதல் பூ.

கவிதைகள் வந்தன. எங்கள் வழக்கப்படி எல்லாம் புனைபெயரில்தான் வரும். உண்மைப் பெயர் தனி உறையில் ஒட்டிச் செயலாளரிடம் இருக்கும். ஜெயித்தவரின் உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். மற்றவை அப்படியே அடுப்புக்குள் போய்விடும். தோற்றவரை ஊர் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான்.

அந்த ஆண்டுத் தலைப்பு 'எல்லை'. முதலில் படித்தவை ஒப்பேற்றல். அப்புறம் 'ஓடைக்கல்' என்ற புனைபெயரில் ஒன்று, தட்டச்சில். தெக்வின் நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தார், பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஒரு வேலி, வேலியில் ஓர் இடைவெளி, அதை அடைக்க ஒரு பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைச் சாத்தியிருக்கிறார்கள். 'தாய் மூச்சுவிட்ட கட்டில் இன்று ஆடுகளை மறிக்கிறது' என்று போயிற்று ஒரு வரி.

தெக்வினுக்கு அந்தக் கட்டிலைத் தெரியும். பென்லான் மேட்டில் வேலியை அடைத்துக்கொண்டு நிற்பது, ஹெவினின் தாய் இறந்த கட்டில். சத்தமும் அவர்கள் சமையலறைச் சத்தமேதான். வரி திரும்புகிற இடம், மூச்சு நிற்கிற இடம், எல்லாம். 'அடப்பாவி, ஹெவினு!' என்று வாய்விட்டுச் சொன்னார். 'கடைசியில சாதிச்சுட்டியேடா!'

அன்று முழுக்கச் சந்தோஷம். மறுநாள் காலை மாட்டுத்தொழுவத்தில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. நடுவர் தெக்வின், நாற்காலி ஹெவினுக்கு. வியாழக்கிழமை கூட்டாளிகள் என்று இரண்டு பள்ளத்தாக்குக்கும் தெரியும். என்ன பேசுவார்கள்? ஏழு வைத்திருக்கிறவன் எட்டாவதைச் சிநேகிதனுக்குப் பிச்சை போட்டான் என்று பேசுவார்கள். இவ்வளவு ஆசைப்பட்டவன் கையில் கிடைத்த நாற்காலியைப் பார்த்து ஊரே கண்ணடிக்குமே.

நியாயமான மனிதன் என்ன செய்வான்? செயலாளரைக் கூப்பிட்டு, "இதில் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று இருக்கிறது, இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்," என்பான். ஒரு நிமிட வேலை. ஆனால் முதல் தடவை நடுவராகிவிட்டு, என்னால் முடியாது என்று சொல்ல தெக்வினுக்கு மனம் வரவில்லை. எய்ர்வெனிடம் மட்டும் சொன்னார்.

"நல்லா இருக்கா இல்லையா?" என்றாள் அவள்.

"நல்லா இருக்கு."

"அப்ப குடு."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்காகவா உன்னை வரச்சொன்னாங்க? கவிதையைப் படிக்கத்தானே சொன்னாங்க. உனக்கு மூளை மாட்டுக்குள்ளயே தங்கிடுச்சு, தெக்."

அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு ஊர்ப்பேச்சு மட்டும்தான் காரணமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஏழு நாற்காலிக்கு எழுதியதில் ஒன்றாவது இதன் பக்கத்தில் நிற்குமா என்று அவரே ஒரு தடவை யோசித்திருப்பார். யோசித்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பியிருப்பார். அதற்கப்புறம் அந்தக் கவிதையில் குறை தேடினார். தேடினால் கிடைக்காதா? ஒரு வரியில் முன்பாதி மெய்யெழுத்து ஒன்று பின்பாதியில் பதிலில்லாமல் நின்றது. பழைய ஆசான்கள் பலரும் ஒத்துக்கொண்ட விலக்குதான் அது, தெக்வினே இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறார். பரவாயில்லை, பிடி கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவில் புது நாற்காலி, சவப்பெட்டி செய்கிற தச்சர் குளிர்காலம் முழுக்க இழைத்தது. கறிக்கடை அல்க்வின் ஊதுகொம்பைத் துடைத்துத் தயாராக நின்றார். புனைபெயரைச் சொன்னதும் கொம்பு ஊதவேண்டும், சபையில் ஜெயித்தவர் எழுந்து நிற்கவேண்டும், மேடையில் சடங்கு வாளை உயர்த்தி "அமைதி உண்டா?" என்று கேட்க, எல்லோரும் "அமைதி!" என்று முழங்கவேண்டும். அதற்காகத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

நாலாவது வரிசையில் ஹெவின். பக்கத்தில் லினெட். அவள் இந்த மாதிரி இடத்துக்கு வருவதில்லை, மாலைப் பால் கறக்க ஆள் வேண்டுமே. அன்று பக்கத்துப் பண்ணைக்காரரைக் கறக்கச் சொல்லிவிட்டு, தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புருஷன் ஜெயிப்பதைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார் தெக்வின். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பேசினார்.

"ஓடைக்கல் அனுப்பியதில் உழைப்பு தெரிகிறது. ஆனால் கட்டு நழுவுகிற கவிதைக்கு இந்தச் சபை நாற்காலி கொடுத்ததில்லை. நாற்காலி ஆறுதல் பரிசும் கிடையாது. இந்த ஆண்டு தகுதியானவர் யாரும் இல்லை."

மண்டபம் ஒரு தடவை மூச்சை இழுத்தது. அல்க்வின் கொம்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தெக்வின் ஓரக்கண்ணால் ஹெவினைப் பார்த்தார். ஹெவின் புதினா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன நெஞ்சுரம் என்று நினைத்துக்கொண்டார் தெக்வின்.

தேநீர் நேரத்தில் ஹெவின் வந்து முதுகில் தட்டினார். "வெளுத்து வாங்கிட்டியே! ஒருத்தன்கூட தேறலயாடா? அந்த ஓடைக்கல் யாரோ, பாவம், இன்னிக்கு அவனுக்குச் சோறு இறங்காது."

இவ்வளவு நன்றாக நடிக்கிறானே என்று தெக்வின் தலையைக் குனிந்துகொண்டார். லினெட்டைக் காணவில்லை. பின்கட்டில் நீலக் கோட்டின் கையை மடித்துவிட்டு, மற்றப் பெண்களோடு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். உறைகள் பிரிக்கப்படாமல் அடுப்பில் போயின. கவிதைத் தாள்களைத் தெக்வின் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே கொளுத்தினார், வைத்திருந்தால் மறுபடி படிக்க வேண்டிவரும் என்று.

அதற்கப்புறம் தெக்வின் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. வயசாகிவிட்டது, வார்த்தை வறண்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டார். ஹெவின் ஜெயிக்க வழிவிட்டு ஒதுங்கியதாக அவர் கணக்கு. ஹெவினோ வழக்கம்போல இரண்டாமிடம், மூன்றாமிடம், உழைப்பு தெரிகிறது. வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. ஹெவின் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் தெக்வினால் தாங்க முடியவில்லை. பேசாமல் ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

லினெட் மட்டும் சமையலறையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். தேநீரை ஊற்றி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். முழங்கால் வலிக்கு அங்கே இதமாக இருக்கிறது என்றாள். சரி என்று விட்டுவிட்டார்கள்.

ஆண்டுகள் போயின. ஹெவினுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து அறுவை நடந்தது. ஆடுகளை விற்று, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, கடற்கரை ஊரில் மாடி இல்லாத சின்ன வீடாகப் பார்த்தார்கள். சாமான் கட்டுகிற நாளன்று தெக்வின் உதவிக்குப் போனார். சமையலறை காலியாகிக் கிடந்தது. மேஜை மட்டும் மிச்சம், அது கதவுவழி போகாது என்று விட்டுவிட்டார்கள். லினெட் பக்கத்து அறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இனி இந்த மேஜையில் உட்காரப் போவதில்லை என்று நினைத்ததும் தெக்வினுக்கு மனசு கேட்கவில்லை.

"ஹெவின், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கூம்ஹெனோக்ல அன்னிக்கு நாற்காலியை நிறுத்தி வச்சேன்ல. அது உன்னோடதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"எது என்னோடது?"

"ஓடைக்கல்."

"நான் அந்த வருஷம் எழுதவே இல்லயேடா," என்றார் ஹெவின். "அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிடாய் முட்டிக் கை உடைஞ்சு கிடந்தேனே, மறந்துட்டியா? பேனா பிடிக்க முடியல."

"விளையாடாதே, நீ சொல்ல லினெட் தட்டச்சு பண்ணியிருப்பா. கட்டில் வந்துச்சு அதுல. உங்கம்மா கட்டில். மேட்டு வேலியில நிக்கிறது."

"எங்கம்மா கட்டிலா?" ஹெவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "இங்க வந்து யாரு அதைப் பாத்து..."

பக்கத்து அறையில் செய்தித்தாள் சலசலப்பு நின்றிருந்தது. இருவரும் திரும்பினார்கள். லினெட் கையில் தட்டோடு வாசலில் நின்றாள்.

"நான்தான்," என்றாள்.

ஹெவின்தான் முதலில் வாய் திறந்தார். "நீயா? நீ எப்ப எழுதின?"

"நீங்க ரெண்டு பேரும் அளந்து முடிச்சப்புறம். நாலஞ்சு வருஷம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். அது ஒண்ணுதான் நல்லா வந்துச்சுன்னு தோணுச்சு, அனுப்பினேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"ஜெயிச்சா எந்திரிச்சு நிக்கலாம், அப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்தேன்."

ஹெவின் மேஜையைப் பிடித்துக்கொண்டார். தெக்வின் பக்கம் திரும்பியபோது குரலில் பழைய சிநேகம் இல்லை. "அப்ப அது நல்ல கவிதைதான்?"

"அந்த மாதிரி நான் எழுதினதே இல்ல."

"என்னோடதுன்னு நினைச்சேல்ல. நானே ஒரு தடவை அப்படி எழுதிட்டேன்னு நினைச்சுட்டு, அதுக்கப்புறமும் இல்லைன்னியா? டேய், என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, அதுவும் உன் நினைப்புல, பொய்யா, நான் ஜெயிச்சிருக்கேன். அதையும் பிடுங்கிட்டியேடா."

தெக்வின் லினெட்டைப் பார்த்து, "அந்த வரியில குறையே இல்ல, லினெட். நான்தான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"குறை இல்லயா?" என்று கேட்டாள் அவள். தட்டை மேஜைமேல் வைத்தாள். "எத்தனை ராத்திரி அந்த வரியைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன் தெரியுமா? எங்க தப்பு, எங்க தப்புன்னு. கடைசியில தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட எனக்குக் காது போதலன்னு நினைச்சுட்டேன். வேற எவனாச்சும் சொல்லியிருந்தா போடான்னு விட்டிருப்பேன். நீங்க சொன்னீங்க, தெக்வின். எனக்குத் தெரிஞ்ச நடுவர் நீங்க ஒருத்தர்தானே. அதான் நம்பினேன்."

"இப்ப அனுப்பு. இந்த வருஷமே அனுப்பு. நான் எந்த மேடையில வேணும்னாலும் ஏறிச் சொல்றேன்."

"என்னத்தை அனுப்ப? என் பிரதியை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். உங்ககிட்ட இருக்கா?"

தெக்வின் இல்லை என்று தலையை ஆட்டினார். கொளுத்தியது அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லேன், லினெட்," என்றார் ஹெவின். "நான் கேட்டதே இல்லயே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஆரம்பித்தாள். பனி பெய்த காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிற பெண்ணின் மூச்சும் இந்தப்பக்கம் நிற்கிறவளின் மூச்சும் நடுவில் ஒன்றாகிப் போகிறது என்று மூன்று வரி வந்தது. ஹெவின் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது வரி வந்தது. ஐந்தாவது பாதியில் நின்றது. "அப்புறம்?" என்றார் ஹெவின். அவள் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். "அப்புறம்?" என்று ஹெவின் தெக்வினைப் பார்த்தார்.

தன் ஏழு நாற்காலிக் கவிதைகளையும் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெக்வின் ஒப்பித்துவிடுவார். கண்ணைச் சுருக்கி, மேஜையில் விரலால் தட்டித் தட்டித் தேடினார். கட்டில் வரி வந்தது, அது எங்கே பொருந்துகிறது என்று தெரியவில்லை. தான் குறை சொன்ன வரி எழுத்து மாறாமல் வந்தது. அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

வெளியே சாமான் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லினெட் தட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். "போதும்," என்றாள். "ஆளுக்கொரு பெட்டியைத் தூக்குங்க. ஹெவின், நீ தூக்காதே, இடுப்பு."